காட்டூரில் நடந்த புதுமை

எங்கள் வீட்டு வாசற்கதவை மாதா வந்து தட்டினார் என்று காட்டூரில் பாதிப் பேர் ஒரு வாரம் நம்பினார்கள். மீதிப் பாதிப் பேரும் நம்பாமல் இல்லை. அவர்கள் வேற்று மதத்துக்காரர்கள் என்பதால் அம்மன் வந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள், அவ்வளவுதான். நான் அப்போது நாலாம் வகுப்பு. என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கணக்குப் பரீட்சை எழுதப் போன பிள்ளைகள் இரண்டு பேர். ஒருத்தி பெயிலானாள். அதற்கு நான் பொறுப்பில்லை.

அந்த வருஷம் எங்கள் கோயிலுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த சாமியார் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தார். கிறிஸ்மஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் மாதா, சூசையப்பர் சுரூபங்களைத் தினம் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தூக்கிப் போக வேண்டும், பெத்லகேமில் அவர்கள் இருவரும் இடம் கேட்டு அலைந்ததைப் போல. வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார்கள். வெளியே வந்தவர்கள் தட்டுவார்கள். உள்ளே இருப்பவர்கள் ‘இங்கே இடமில்லை, வேறிடம் பாருங்கள்’ என்று பாட வேண்டும். மறுபடி தட்டுவார்கள், மறுபடி அதே பாட்டு. மூன்றாம் முறை தட்டினால்தான் கதவைத் திறந்து, வாருங்கள் வாருங்கள் என்று பாடி, சுரூபங்களை உள்ளே வாங்கி, ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் அனுப்பிவைக்க வேண்டும். பாட்டை எழுதி மெட்டுப் போட்டவர் கோயில் உபதேசியார். விரட்டுகிற வரிகளுக்கு நல்ல மெட்டு அமைந்துவிட்டது. வரவேற்கிற வரிகள் சப்பென்று இருந்தன.

முதல் இரண்டு நாள் ஊர்வலம் பாடிக்கொண்டுதான் வந்தது. சாமியாருக்குப் பிடிக்கவில்லை. “இருக்க இடம் இல்லாதவங்க மேளம் கொட்டிக்கிட்டா வருவாங்க?” என்று கேட்டார். அதற்குப் பிறகு தெருவில் நடக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது என்று கட்டளை. தட்டுகிற சத்தம் மட்டுந்தான் வெளியிலிருந்து வர வேண்டும். பாட்டெல்லாம் உள்ளே இருப்பவர்களுடையது.

அப்பா கோயில் பாடற்குழுவில் முன்வரிசை ஆள். பகலெல்லாம் வெல்டிங் பட்டறையில் சூப்பர்வைசராகக் கத்திக் கத்தியும் அவர் குரல் கெடவில்லை. எங்கள் வீட்டுக்குச் சுரூபம் வரும் நாள் தெரிந்ததிலிருந்து குளிக்கும்போது, ஷேவ் பண்ணும்போது, ஸ்கூட்டரைத் துடைக்கும்போது எல்லாம் அந்த ‘இடமில்லை’தான். கேட்கிறவர்களுக்கு மனசு உருகும். இப்படி உருகினால் எப்படித்தான் அவர்களை விரட்டுவது என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அப்பாவுக்கு ஒரே தங்கை. பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். அவர்களுடைய அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அப்பாதான் அவளைத் தூக்கி வளர்த்து, படிக்கவைத்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். அத்தை அங்கே கூட வேலை பார்த்த ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவரை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் இந்து. கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கவில்லை, அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கே அப்பா சுவரிலிருந்த அவள் முதன்முதல் நற்கருணை வாங்கியபோது எடுத்த புதுநன்மைப் படத்தைக் கழற்றி அட்டாலியில் போட்டார். “அவ இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது” என்றார். அதற்குப் பிறகு அவள் பேரை அவர் வாயால் நான் கேட்டதில்லை. எனக்கு ஜடை பின்னிவிட ஆள் இல்லாமல் போனதுதான் அப்போது என்னுடைய வருத்தம்.

ஒன்றரை வருஷம் கழிந்து, அந்த டிசம்பரில் அத்தைக்கு நிறைமாசம். அவள் வீட்டுக்காரருடைய குடும்பமும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண் பிறந்த வீட்டுக்கு வருவது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் உள்ள வழக்கம். அத்தைக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருந்தால் அது எங்கள் வீடுதான். அம்மா துணி காயப்போடப் போகிறேன் என்று மாடிக்குப் போய் போனில் கிசுகிசுப்பாள். கையில் துணியே இல்லாமல் போவாள். கிறிஸ்மஸுக்குள் அண்ணனையும் தங்கையையும் சேர்த்துவைத்துவிட வேண்டும் என்று அம்மா அந்த வருஷம் நோன்புபோல எடுத்த ஒறுத்தல் முயற்சி அது. நான் அதை அறியேன். புது கவுனுக்கு என்ன நிறம் என்பதில் இருந்தேன்.

அந்தக் காலத்துக் கரண்ட் கட் எப்படி இருந்தது என்று இப்போது சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். இருட்டில் நடக்கிறவர்களுக்கு ஒரு நாள் வெளிச்சம் வரும் என்று சாமியார் பிரசங்கம் வைத்தபோது, பின்வரிசையில் ஒருவர் “எத்தனை மணிக்கு சாமி?” என்று முணுமுணுத்து, பூசையில் சிரிப்பு எழுந்தது. எங்கள் வீட்டுக்குச் சுரூபம் வர வேண்டிய சாயங்காலமும் கரண்ட் போயிற்று. காட்டூரில் எங்கள் தெரு அப்போது பாதி காலி மனைகள். தஞ்சாவூர் ரோட்டில் போகிற பஸ்ஸின் வெளிச்சம் கருவேலஞ்செடிகளின் மேல் ஒரு தடவை அடித்துவிட்டுப் போகும். பிறகு ஒன்றும் தெரியாது.

உள்ளே நாங்கள் நான்கு பேர். அப்பா, அம்மா, நான், நான்காவதாக அன்பியத் தலைவியம்மா. அன்பியம் என்பது எங்கள் தெருவின் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக்கூட்டம். அதை நடத்துகிறவர் தலைவியம்மா; ஒரு நர்சாக இருந்து ஓய்வுபெற்றவர், ஊசி போடுகிற பிடியோடுதான் யார் கையையும் பிடிப்பார். வழக்கம் தவறாமல் நடக்கிறதா என்று பார்க்க முன்கூட்டியே வந்துவிட்டார். மேஜை மேல் ஒரு மெழுகுவர்த்தி. அம்மா ஓரிடத்தில் உட்காரவில்லை. சின்ன அறையில் புதுப்பாய் விரித்து, தலையணைக்கு உறை மாற்றியிருந்தாள். மாதாவுக்கு எதற்குத் தலையணை என்று கேட்டதற்குப் போய் உட்காரு என்றாள்.

அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. விரலை மடக்கி, மெதுவாக.

தலைவியம்மா கைக்கடிகாரத்தை மெழுகுவர்த்தியிடம் நீட்டிப் பார்த்தார். “சீக்கிரம் வந்துட்டாங்களே.” அம்மா அதற்குள் எழுந்து கதவை நோக்கிப் போனாள். தலைவியம்மா எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். “என்ன அவசரம்? மூணாவது தட்டுக்குத்தான் திறக்கணும்.”

“இல்லக்கா, வெளிய பனி...” என்றாள் அம்மா. அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார். அவ்வளவு நன்றாக அவர் பாடி அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் கேட்டதில்லை. பாட்டு முடிந்த பிறகு கவனித்தேன். வெளியே ஒரு மூச்சுச் சத்தமும் இல்லை. இருபது பேர் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள், ஒருவர்கூட இருமவில்லையே என்று நினைத்து நான் அம்மாவின் பக்கத்தில் ஒண்டிக்கொண்டேன்.

இரண்டாவது தடவை தட்டினார்கள். இந்தத் தடவை தட்டும்போது கூடவே ஒரு கிணுகிணுப்பு. கேட்டதும் நின்றுவிட்டது.

அப்பா பாட வாயைத் திறந்தார். பாட்டு வரவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். மெழுகுவர்த்தி அவருக்குக் கீழே இருந்ததால் முகம் வேறு யாருடைய முகமோ போல இருந்தது. பிறகு, பாடாமல், பட்டறையில் ஆளை அனுப்புகிற குரலில் சொன்னார். “இங்க இடமில்ல. வேற எங்கயாவது போகச் சொல்லு.”

யாரிடம் சொல்லச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. மெட்டு மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, வெட்கமாகக்கூட இருந்தது.

மூன்றாவது தட்டுக்காகக் காத்திருந்தோம். மெழுகு உருகி மேஜை விரிப்பில் இறங்கியது. தட்டவில்லை. தலைவியம்மா ஒரு கையில் அம்மாவின் மணிக்கட்டும் மடியில் விரித்த பாட்டுப் புத்தகமுமாக உட்கார்ந்திருந்தார். அம்மா ஒரே வெட்டில் கையை உதறிக்கொண்டு ஓடிப்போய்த் தாழ்ப்பாளை இழுத்தாள்.

வாசலில் யாரும் இல்லை.

அம்மா செருப்பில்லாமல் கேட்டுவரை ஓடி, ரோட்டுப் பக்கம் பார்த்தாள். தூரத்தில் ஒரு பஸ் நின்று கிளம்பியது. தெருவில் ஒரு பூச்சி சத்தம்தான். அப்போதுதான் நான் மறுபக்கத்தைப் பார்த்தேன். தெருவின் கோடியிலிருந்து, இருட்டுக்குள், ஒரு கும்பல் காலடியோசை இல்லாமல் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. முன்னால் இரண்டு வெள்ளை உருவங்கள் தரையில் கால் படாமல் வந்தன. நான் போட்ட கூச்சலில் சூசையப்பரைத் தூக்கி வந்தவர் அவரைக் கீழே போடப் பார்த்தார்.

“நீங்க இப்பதான் வரீங்களா?” என்று கேட்டார் தலைவியம்மா. “அப்ப, முன்னாடி வந்து தட்டினது யாரு?”

யாரோ டார்ச் அடித்தார்கள். எங்கள் நீலக் கதவில், ஒரு பெண்பிள்ளை நின்றால் நெற்றி வருகிற உயரத்தில், இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்பாக ஒரு தீற்றல். படியில் கொஞ்சம் டிசம்பர் பூ உதிர்ந்து கிடந்தது, திருவருகைக் காலத்தில் சாமியார் போடுகிற அதே ஊதா நிறம். தலைவியம்மா அந்த இடத்திலேயே முழங்காலில் விழுந்தார். மணியோசையைத் தன் காதால் கேட்டதாகச் சொன்னார். எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

“நீங்களும் கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“யாருன்னு நினைக்கிறீங்க?”

அப்பா கதவிலிருந்த சிவப்பையே பார்த்தார். “தெரியலை” என்றார். அது போதுமானதாக இருந்தது.

மாதா தானே வந்துபோன வீடு என்று சுரூபங்களை அன்றிரவு அடுத்த வீட்டில் வைத்தார்கள். மறுநாள் காலையில் பால்காரர் வருவதற்கு முன்னால் எங்கள் கேட்டில் ஆள் நின்றது. அடுத்த நாள் திருவெறும்பூரிலிருந்தெல்லாம் வந்தார்கள். படிக்கட்டு முழுக்க மெழுகு. ஒரு கிழவி கதவில் காதை வைத்து, உள்ளே யாரோ மூச்சு விடுவது கேட்கிறது என்றாள்; உள்ளே நான்தான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த தெரு ஆட்கள் தேங்காய் உடைத்துச் சூடம் ஏற்ற வந்தபோது தலைவியம்மா தடுத்து, சூடம் மட்டும் வேண்டாம், மெழுகுவர்த்தி ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சமரசம் செய்தார். சாமியார் வந்து பார்த்தார். கோயிலில் இருந்து விசாரிக்கும்வரை யாரும் இதைப் புதுமை, அற்புதம் என்று சொல்லாதீர்கள் என்றார். ஆனாலும் நள்ளிரவுப் பூசையில் குழந்தை இயேசுவைப் பவனியாகத் தூக்கி வந்து குடிலில் வைக்க அந்த வருஷம் அப்பா பேரைத்தான் எல்லாரும் சொன்னார்கள். எங்கள் கோயிலில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

பிள்ளை இல்லாத ஒரு அக்கா எங்கள் கேட்டில் சின்ன மரத்தொட்டில் ஒன்றைக் கட்டிவிட்டுப் போனாள். அவ்வளவுதான், அதைப் பார்த்து இன்னொருத்தி, இன்னொருத்தி. ஐந்தாறு நாளில் கேட் முழுக்கத் தொட்டில்கள். எல்லாம் காலி. பகலில் வேடிக்கையாக இருக்கும். பொழுது சாய்ந்து காற்று கிளம்பியதும் அவையெல்லாம் தாமாக ஆடி, இரும்புக் கம்பியில் இடிக்கும். டக், டக். கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் டக். ஒவ்வொரு தடவையும் அப்பா நிமிர்ந்து வாசலைப் பார்ப்பார். கரண்ட் போய்விட்டால் நான் அம்மாவின் சேலைக்குள் தலையை விட்டுக்கொள்வேன்.

இவ்வளவு பெரிய புதுமை நடந்த வீட்டில் சந்தோஷமாக இருந்தது நான் ஒருத்திதான். அம்மா ஒரு தடவைகூட அந்தப் படியில் மண்டியிடவில்லை. அத்தையிடமிருந்து போன் வரவில்லை; அம்மா போட்டாலும் எடுக்கவில்லை. அப்பா முன்வாசலில் கால் வைப்பதையே விட்டுவிட்டார். ஸ்கூட்டரைக்கூடப் பக்கத்துச் சந்தில் நிறுத்தி, கொல்லைப்புறக் கதவு வழியாகத்தான் வருவார், போவார். மாதா தொட்ட கதவு என்று மரியாதை கொடுக்கிறார் போல என்று தலைவியம்மா எல்லாரிடமும் சொன்னார். பாடற்குழு ஒத்திகைக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று அப்பா போகவில்லை. உண்மையாகவே கட்டியிருந்தது. பேசினால் காற்றுத்தான் வந்தது.

ஒரு நாள் விடியற்காலையில், நான் தூங்குகிறேன் என்று நினைத்து அடுப்படியில் அவர்கள் பேசினார்கள்.

“அன்னைக்கு வந்தது யாருன்னு சொல்லிடட்டுமாங்க? சொல்லாம எனக்கு நெஞ்சு வெடிச்சிடும்போல இருக்கு. ஜனம் கூடி இருக்கிற நேரமா பார்த்து வா, நாலு பேர் முன்னாடி உங்க அண்ணன் ஒண்ணும் சொல்லமாட்டாருன்னு நான்தான்...”

“வேணாம்” என்றார் அப்பா. பிறகு, “வளையல் சத்தம் கேட்டுச்சு” என்றார்.

அம்மா கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம். “கேட்டுமா அப்படிச் சொன்னீங்க?”

கொல்லைக் கதவு திறந்து மூடியது. நான் போர்வைக்குள் யோசித்தேன். வேளாங்கண்ணியில் மாதாவுக்கு வளையல் காணிக்கை போடுவார்களே, அதைப் போட்டுக்கொண்டு வந்திருப்பார் என்று எனக்குத் தெளிவாகப் புரிந்தது. அப்பாவும் அதைக் கேட்டிருக்கிறார் என்று பெருமையாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் அப்பா என்னை ஸ்கூட்டரில் ஏற்றினார். காவேரிப் பாலத்தில் பனி. தண்ணீர் இருக்கிறதா மணலா என்றுகூடத் தெரியவில்லை. எதிரே வருகிற பஸ் பக்கத்தில் வந்த பிறகுதான் முளைத்தது. ஸ்ரீரங்கத்தில் ஏகாதசிக் கூட்டத்துக்குப் பந்தற்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் பாசுரம் போய்க்கொண்டிருந்தது. அப்பா இரண்டு பேரிடம் வழி கேட்டு, ஒரு சந்துக்குள் வண்டியை விட்டு, ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கிற இடத்தில் நிறுத்தினார். கடைசி வீட்டில் கதவு திறந்தே இருந்தது. அங்கே கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள் அத்தை. வயிறு முழங்கால்வரை இருந்தது. இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல்.

“பாப்பா” என்றாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள். அப்பா ஸ்கூட்டரின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் உள்ளே ஓடினேன். உள்ளே என்றால், ஒரு அடுப்பு, ஒரு கட்டில், இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கலாம். ஒன்றரை வருஷக் கதை எவ்வளவோ இருக்க, வாயில் முதலில் வந்தது புதுமைதான். மாதா வந்தது, இரண்டு தடவை தட்டியது, ரத்தத் தீற்றல், பூ, கேட்டில் தொட்டில் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அத்தை எனக்குக் காபி ஆற்றினாள். ஆற்றும்போது வளையல் குலுங்கியது. “இதே மாதிரிதான் அத்தை, மணி கேட்டுச்சு” என்றேன்.

அத்தை ஆற்றுவதை நிறுத்தினாள். “அப்புறம் மாதா மறுபடி தட்டலையா?”

“இல்ல. போயிட்டாங்க.”

“பஸ் புடிச்சு வந்து நின்னதுல கால் வலிச்சிருக்கும்” என்றாள் அத்தை.

மாதா ஏன் பஸ்ஸில் வருகிறார் என்று கேட்க நினைத்தேன். அத்தையின் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நெற்றியிலிருந்த குங்குமம் கலைந்து தலைப்பில் சிவப்பாக ஒட்டியது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுக் காபியைக் குடித்தேன்.

அத்தை வாசற்படிவரை போனாள். “உள்ள வாங்கண்ணே.”

அப்பா அசையவில்லை. “அன்னைக்கு நான்...” என்று தொடங்கினார். காற்றுத்தான் வந்தது.

“பாட்டு வழக்கம்னு அண்ணி முன்னாடியே சொல்லியிருந்தாங்க” என்றாள் அத்தை. “நீங்க பாடினப்ப எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. கதவுல தலைய வச்சு கேட்டுக்கிட்டே நின்னேன். அப்புறம் பாடாம சொன்னீங்கள்ல.”

சந்தில் சைக்கிளில் வந்த ஒருவருக்கு அப்பா ஸ்கூட்டரை நகர்த்தி வழி விட்டார்.

“நம்ம வீட்டுக்கு வா” என்றார் அப்பா.

“அவரையும் கூப்பிடுவீங்களா?”

அப்பா அதற்குத்தான் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். டயரை ஒரு உதை உதைத்தார். “கடைய முடிச்சிட்டு நேரா அங்கயே வரச் சொல்லு” என்றார்.

ஆட்டோ பிடித்து என்னையும் அத்தையையும் ஏற்றி, அப்பா பின்னால் ஸ்கூட்டரில் வந்தார். அத்தைக்கு வயிறு குலுங்குகிறது என்று ஆட்டோ ஊர்ந்து ஊர்ந்து வந்து, இடையில் டாக்டரிடம் காட்டப் பகலெல்லாம் காத்திருந்து, காட்டூர் சேரும்போது பொழுது இறங்கிவிட்டது. கேட்டில் வழக்கத்தைவிடக் கூட்டம். முப்பது பெண்கள் மெழுகுவர்த்தியோடு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். தலைவியம்மா முன்வாக்கியம் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து முடிக்க, நடுவே தொட்டில்கள் கம்பியில் இடித்துக்கொண்டிருந்தன. ஆட்டோ நின்றது. நெற்றியில் குங்குமமும் தலையில் ஊதா டிசம்பர் பூவுமாக, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அத்தை இறங்கினாள். முன்னால் நின்ற ஒருத்தி திரும்பிப் பார்த்து, புனித மரியே என்று தொடங்கியதை அப்படியே விட்டாள். ஒவ்வொரு குரலாக நின்றது. கடைசியில் தலைவியம்மாவின் குரல் மட்டும் தனியாகப் போய், அதுவும் நின்றது.

அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்குக் கதவுக்கு வெளியே இருந்ததைப் போலவே இருந்தது.

அப்பா கூட்டத்துக்குள் வழி பண்ணிக்கொண்டு வந்து படியேறி, கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார். அந்தத் தொண்டையில் எவ்வளவு வருமோ அவ்வளவில் சொன்னார். “அன்னைக்குத் தட்டினது இவதான். என் தங்கச்சி. பிரசவத்துக்கு வந்தா. வளையல் சத்தத்துல இவதான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் இடமில்லைன்னேன்.”

தலைவியம்மா மெழுகுவர்த்தியைத் தூக்கி அத்தையின் கையைப் பார்த்தார். “அப்ப அந்த மணி...” என்றார். அவர் கண்ணில் அழுகையா கோபமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. “இத்தனை நாளா ஊரை முழங்கால் போட வச்சீங்களே” என்றார் அப்பாவைப் பார்த்து. அது நியாயமான கேள்வி. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

ஒவ்வொருவராக மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார்கள். சிலர் தங்கள் தொட்டிலைத் தேடி அவிழ்த்துக்கொண்டார்கள். முதல் தொட்டில் கட்டிய அக்கா முடிச்சு அவிழாமல் நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தாள். அத்தை அவள் கையைப் பிடித்தாள். “அது இருக்கட்டும்க்கா. அவுக்காதீங்க.” அந்த அக்கா அத்தையின் வயிற்றைப் பார்த்தாள், தொட்டிலைப் பார்த்தாள், விட்டுவிட்டுப் போனாள்.

அப்பா கதவைத் தட்டவில்லை. அதற்குள் அம்மா திறந்துவிட்டாள். “சுடுதண்ணி போட்டிருக்கேன், முதல்ல கால நனை” என்று பையை வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எங்களுக்கு நல்ல பேர் இல்லை. பொய்ப் புதுமைக்காரர்கள் என்றார்கள். பாடற்குழுவில் அப்பாவைப் பின்வரிசைக்குக்கூடக் கூப்பிடவில்லை. பள்ளியில் என்னைத் தொட்டுக் கும்பிட்டவளே என் சாப்பாட்டு டப்பாவைத் தள்ளிவைத்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பா ஏன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாது? அத்தையைக் கொல்லைப்புற வழியாகக் கூட்டிவந்திருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? மாதாவாக இருந்தது வெறும் அத்தையாகிவிட்டதே என்று அவள் பின்னிய ஜடையைக் கோபத்தில் பிரித்துப் போட்டேன்.

கிறிஸ்மஸுக்கு நான்கு நாள் இருக்கும்போது அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தது. நள்ளிரவுப் பூசைக்கு என்னைப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்த்து அனுப்பினார்கள். குழந்தை இயேசுவை வேறு யாரோ ஒருவர் தூக்கி வந்தார். கூட்டம் முழுக்கப் பாடியது. புது கவுனின் ஜரிகை கழுத்தை அறுக்க, அந்த இடத்தில் எங்கள் அப்பா வந்திருக்க வேண்டுமே என்று நான் அழுதேன்.

வீட்டுக்கு வந்தபோது வாசற்கதவு விரியத் திறந்திருந்தது. முன்னறை விட்டத்தில் அம்மாவின் பழைய சேலையில் தூளி கட்டி, அப்பா தரையில் உட்கார்ந்து ஆட்டிக்கொண்டிருந்தார். அத்தையின் வீட்டுக்காரர் பக்கத்தில் சுவரில் சாய்ந்து வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அம்மாவும் அத்தையும் உள்ளே ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம். ஒருவருக்கும் என் அழுகை கண்ணில் படவில்லை.

“அப்பா, அப்ப மாதா நம்ம வீட்டுக்கு வரவே இல்லையா?” என்று கேட்டேன்.

“மெதுவா பேசு, இப்பதான் தூங்குறா” என்றார் அப்பா.

நேராகப் பதில் சொல்லாததிலிருந்தே எனக்கு விளங்கிவிட்டது. வரவில்லை. எல்லார் வீட்டுக்கும் போன மாதா, அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அந்தத் துக்கத்தை நான் ரொம்ப நாள் மனசில் வைத்துக்கொண்டிருந்தேன்.